விஆர் கண்ணாடிக்குள் ஒரு கண்மாய்க் கரை

கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் கல்லூரியில் மாணவர் நலனுக்காகக் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாலைந்து விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் சுற்றிலும் வேறோர் உலகம் தெரியும் கருவி) வாங்கி, காடு, அருவி, கடற்கரை எல்லாம் காட்டும் 'அமைதி அறை' ஒன்று அமைக்கலாம் என்பது நிர்வாகத்தின் யோசனை. இதனால் மாணவர்களின் மன அழுத்தம் உண்மையிலேயே குறையுமா? இல்லை, நாலு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அலமாரியில் தூங்கப்போகும் சாமானா?"

உதவும். எவ்வளவு உதவும், யாருக்கு உதவும், எங்கே உதவாது என்று தெரிந்து வாங்கினால் பணம் வீணாகாது. நான் ஒரு கல்லூரியின் ஆலோசனை மையத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இதே மாதிரி ஓர் அறையை நடத்துகிறோம். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் ஆராய்ச்சிகள் சொல்வதையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்தவர்களுக்கு இயற்கை மனதை ஆற்றும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதை அளந்து பார்த்த ஆய்வுகளில் பெரிதாகப் பேசப்பட்டது 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த 46 பேரின் பதிவேடுகளை எடுத்து, ஒத்த வயது, ஒத்த உடல்நிலை உள்ளவர்களாக இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப் பேரின் ஜன்னலில் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் அறுவைக்குப் பிறகு சராசரியாக 7.96 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாள். வீரியமான வலி மருந்தும் மரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் மரம் ஜன்னலுக்கு வெளியே நின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மாணவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கப்லானும் ரேச்சல் கப்லானும் வளர்த்தெடுத்த கருத்து. படிக்கும்போது கவனத்தை இழுத்துப் பிடித்து வைக்கிறோம். அது தசை மாதிரி, பிடித்துப் பிடித்துக் களைத்துப்போகும். களைத்த கவனத்துக்குச் செல்போன் ஓய்வு தராது, ஏனென்றால் அதுவும் வெடுக்கென்று இழுக்கிறது. அசையும் இலை, ஓடும் நீர், மேகம் இவையெல்லாம் கவனத்தை மெல்லத் தொட்டுவிட்டு விட்டுவிடும். அந்த நேரத்தில் மனம் தேறிக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். 2008இல் மார்க் பெர்மன், ஜான் ஜோனிடெஸ் இருவரும் ஸ்டீபன் கப்லானுடன் சேர்ந்து இதை 38 மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு முறை மரங்கள் நிறைந்த தாவரத் தோட்டத்தில் ஏறக்குறைய 50 நிமிட நடை, இன்னொரு முறை நகரத்துத் தெருவில் அதே தூரம். முன்னும் பின்னும் ஒரு சோதனை: எண்களை வரிசையாகச் சொல்வார்கள், அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நடந்து வந்த பிறகு மதிப்பெண் கூடியது. தெருவில் நடந்து வந்தபோது அந்த அளவுக்குக் கூடவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சனவரிக் குளிரில் வேண்டா வெறுப்பாக நடந்தவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது என்பது. ரசிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

சரி, இதெல்லாம் நிஜ மரம். திரையில் தெரியும் மரம்?

இங்கேதான் நிர்வாகங்கள் அவசரப்படுகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழுவினர் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 90 பேர். சிலருக்கு இயற்கைக் காட்சி தெரியும் கண்ணாடி ஜன்னல், சிலருக்கு அதே காட்சியை நேரலையாகக் காட்டும் பெரிய பிளாஸ்மா திரை, சிலருக்கு வெறும் சுவர். சின்னதாக ஒரு பதற்றத்தைக் கொடுத்துவிட்டு, இதயத் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்த்தார்கள். ஜன்னல் வென்றது. திரைக்கும் சுவருக்கும் வித்தியாசமே இல்லை! திரையை ஆசையாகப் பார்த்தார்கள்தான், ஆனாலும் துடிப்பு அதற்கு மசியவில்லை.

விஆர் என்பது சதுரத் திரை இல்லையே, சுற்றிலும் காடு தெரியுமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதைச் சோதித்த ஆய்வுகளில் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது மேத்யூ பிரவுனிங் குழுவினர் 2020இல் வெளியிட்டது. 89 கல்லூரி மாணவர்கள், ஆளுக்கு ஆறே நிமிடம். ஒரு பகுதியினர் நிஜமாகவே காட்டில் உட்கார்ந்தார்கள். இன்னொரு பகுதியினர் காட்டின் 360 டிகிரி வீடியோவை ஹெட்செட்டில் பார்த்தார்கள். மூன்றாவது பகுதியினர் இயற்கையே தெரியாத அறையில் உட்கார்ந்தார்கள். அறையில் சும்மா இருந்ததைவிட நிஜக் காடு, விஆர் காடு இரண்டுமே மனதுக்குத் தெம்பளித்தன. ஆனால் வெளியே உட்கார்ந்தவர்களுக்கு உற்சாகம் முன்னைவிடக் கூடியது. விஆரில் பார்த்தவர்களுக்கு இருந்த அளவிலேயே நின்றது.

என் அனுபவமும் இதுவேதான். மனம் கீழே சரியாமல் விஆர் பிடித்துக்கொள்ளும். நிஜ மரத்தடி தூக்கிவிடும். தேர்வுக்கு அரை மணி நேரம் முன்னால் கை நடுங்க வந்து நிற்கும் பிள்ளைக்குச் சரியாமல் பிடித்துக்கொள்வதே பெரிய உதவிதான். அதை வைத்துக்கொண்டு 'எங்கள் மாணவர்களின் மனநலத்துக்கு விஆர் தீர்வு' என்று நிகழ்ச்சி மேடையில் அறிவிக்கத்தான் கூடாது.

பிரவுனிங் குழுவின் அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. நிஜக் காடு, விஆர் காடு இரண்டிலுமே மாணவர்களின் தோலில் மின்கடத்துதிறன் கூடியிருந்தது. அதாவது உடல் தூங்கி வழியவில்லை, விழிப்பாகத்தான் இருந்தது. 'ரிலாக்ஸ்' ஆக வேண்டும் என்று சொல்லி மாணவரை உட்கார வைக்காதீர்கள். ரிலாக்ஸ் ஆகவில்லையே என்பது அவர்களுக்கு இன்னொரு கவலையாகிவிடும். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வா என்றால் போதும்.

எந்த மாதிரிக் காட்சி வைப்பது? இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளியான ஆய்வில் 96 பேருக்கு முதலில் வேண்டுமென்றே சலிப்பு உண்டாக்கினார்கள். அலுவலக வேலையைப் பற்றி ஒருவர் சலிப்பூட்டும் குரலில் பேசும் வீடியோவைப் பார்க்க வைத்தார்கள், பாவம். பிறகு கடலடிப் பவளப்பாறைக் காட்சியை மூன்று விதமாகக் காட்டினார்கள்: டிவியில், விஆரில் 360 டிகிரி வீடியோவாக, விஆரில் கணினி வரைந்த உலகமாக. மூன்றுமே சலிப்பைக் குறைத்தன, டிவியும்கூட. உற்சாகத்தைக் கூட்டியது கடைசி வகை மட்டும்தான், ஏனென்றால் அதில் கையை அசைத்தால் அந்த உலகமும் பதில் சொன்னது. பெரிய பட்ஜெட் இல்லையென்றால் நல்ல டிவியும் நல்ல ஸ்பீக்கருமே சலிப்புக்கு மருந்தாகும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஹெட்செட்டின் தனிச் சிறப்பு என்ன? இரண்டு ஆண்டாகப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது: அது காட்டுவதைவிட மூடுவது முக்கியம். கண்ணையும் காதையும் மூடிவிடுகிறது, கையிலிருந்து செல்போனை வாங்கிவிடுகிறது. ஆறு பேர் தங்கும் விடுதி அறையில் இருக்கும் பிள்ளைக்கு நாள் முழுக்கத் தனிமை என்று ஒரு நிமிடம் கிடையாது. யாரும் பார்க்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் எட்டு நிமிடம். எங்கள் அறைக்கு வாராவாரம் வரும் ஒரு மாணவி ஒவ்வொரு முறையும் ஒரே ஆற்றங்கரைக் காட்சியைத்தான் கேட்பாள். ஒருநாள் வீடியோ ஓடி முடிந்து திரை கறுப்பான பிறகும் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. தூங்கிவிட்டாளோ என்று தோளைத் தொட்டேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் மேம், இருட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இனி, வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை. எல்லாமே நாங்கள் தப்புச் செய்து கற்றது.

நாங்கள் முதலில் போட்ட வீடியோ, மலைமேல் டிரோன் பறந்து எடுத்தது. பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாவதாகப் பார்த்த பையன் எழுந்து ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தான். கண் 'பறக்கிறோம்' என்கிறது, காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. மலைப்பாதை பஸ்ஸில் தலைசுற்றுவதும் இதே சண்டையால்தான், இங்கே அது தலைகீழாக நடக்கிறது. அன்றிலிருந்து ஒரே விதி: கேமரா அசையக் கூடாது. ஓரிடத்தில் ஸ்டாண்டு போட்டு, உட்கார்ந்த மனிதரின் கண் உயரத்தில் வைத்து எடுத்தது மட்டும். அப்புறம் சுழல் நாற்காலி கட்டாயம். ஸ்டூலில் உட்கார வைத்தால் முன்னால் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள். சுற்றிப் பார்த்தால்தானே காடு!

வீடியோவின் துல்லியம் '5.7கே' என்று போட்டிருந்தால் பிரமாதமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அது சுற்றிலும் 360 டிகிரிக்கும் சேர்த்து. ஹெட்செட்டில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது சுமார் 90 டிகிரி, அதாவது நாலில் ஒரு பங்கு. படத்தின் அகலத்தில் உள்ள 5,760 புள்ளிகளில் உங்கள் கண் முன்னால் இருப்பது 1,440தான். அதனால்தான் இலைகள் கஞ்சி மாதிரி குழைந்து தெரிகின்றன. 8கே என்றால் அதே கணக்கில் 1,920, அது தேவலாம். அவ்வளவு பெரிய வீடியோவைக் கல்லூரி வைஃபையில் ஓட்டினால் நின்று நின்றுதான் வரும், முன்கூட்டியே ஹெட்செட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். பெட்டியும் லென்சும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அட்டைக் கண்ணாடியில் போனைச் செருகிப் பார்ப்பதும் உண்டு. வகுப்பில் ஒருமுறை காட்டுவதற்குச் சரி. மன அமைதிக்கு உதவாது; நடுவில் வாட்ஸ்அப் வந்து விழும்.

படத்தில் மிச்சம் பிடித்தாலும் ஒலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 1,292 பேரின் செல்போன் வழியாக அவர்களின் மனநிலையைத் தொடர்ந்து கேட்டுப் பார்த்திருந்தார்கள். பறவையைப் பார்த்த, அல்லது அதன் குரலைக் கேட்ட வேளைகளில் மனநிலை மேலாக இருந்தது, அது 8 மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் அப்படித்தான். இயற்கை வீடியோ என்று இணையத்தில் கிடைப்பதில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னணியில் புல்லாங்குழலும் பியானோவும் போட்டிருப்பார்கள். அதை நிறுத்திவிட்டு நீரின் சத்தம், பறவையின் சத்தம் மட்டும் உள்ளதைத் தேடுங்கள்.

அறையில் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். ஆளிடமிருந்து ஆறடி தள்ளி, மிகக் குறைந்த வேகத்தில். முதல் நாள் ஒரு பையன் ஹெட்செட்டுக்குள்ளிருந்தே கையை நீட்டி, "மேம், காத்து அடிக்குதே!" என்றான். இலை அசைகிற நேரத்தில் முகத்தில் காற்றும் பட்டால் உடம்பு நம்பிவிடுகிறது. குமட்டல் புகாரும் குறைந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் முகத்தைச் சுற்றிப் பஞ்சு அழுத்துகிற ஒரு பொருளை மாட்டிக்கொண்டு உட்கார்வதற்கு ஃபேன் இல்லாமலும் முடியாது.

சுத்தம் பற்றி விற்பனையாளர் பேசமாட்டார். தலையெண்ணெய், வேர்வை, கண் மை, பவுடர் எல்லாம் அந்தப் பஞ்சில் ஏறும். கழுவக்கூடிய சிலிக்கோன் உறை வாங்கி, ஒவ்வொருவருக்குப் பிறகும் துடையுங்கள். லென்சை மட்டும் சானிடைசர் போட்டுத் துடைக்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி போதும். கொண்டை போட்டவர்களுக்கும் பூ வைத்தவர்களுக்கும் பின்பக்கப் பட்டை சரியாக உட்காராது, கொஞ்சம் பொறுமையாக மாட்டிவிட ஆள் வேண்டும். பொதுவாகவே மாணவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. வலிப்பு வந்தவர்கள், அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், இல்லாதது கண்ணில் தெரிவதாகவோ காதில் கேட்பதாகவோ சொல்பவர்கள், இவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. பள்ளியில் வைக்க நினைப்பவர்கள் அந்தந்த ஹெட்செட்டுக்குச் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச வயதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்சியை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் மையத்தில் ஒரு மாணவிக்கு, எல்லோருக்கும் பிடிக்குமே என்று கடற்கரையைப் போட்டுவிட்டேன். அரை நிமிடத்தில் இரண்டு கையாலும் ஹெட்செட்டைப் பிடுங்கி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய சித்தப்பா கடலில் இறந்துபோனவர் என்று பிறகுதான் தெரிந்தது. நமக்கு அமைதியாகத் தெரியும் தண்ணீர் இன்னொருவருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. அடர்ந்த காட்டுக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது அல்லவா? இப்போது ஆறு காட்சிகளின் படங்களை அட்டையில் ஒட்டி மேசையில் வைத்திருக்கிறோம். அவர்களே தொட்டுக் காட்டுவார்கள். எந்த நொடியிலும் கழற்றிவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

யாருக்கு இது உண்மையாகவே பயன்படுகிறது? காலை உடைத்துக்கொண்டு படியிறங்க முடியாத மாணவருக்கு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு, ஏனென்றால் நம் பூங்காக்கள் பலவற்றில் சாய்வுப் பாதையே கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் கதவு பூட்டப்படும் பெண்கள் விடுதியில் இருப்பவருக்கு. இதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவில் ஒரெகன் மாநிலத்தின் ஸ்னேக் ரிவர் சிறை. அங்கே ஜன்னலில்லாத தனியறைக் கைதிகளுக்காக 2013இல் இயற்கை வீடியோ காட்டும் நீல அறை ஒன்றைத் திறந்தார்கள். காட்டு மரங்களின் உச்சியில் ஏறி ஆராய்ச்சி செய்யும் நளினி நாட்கர்னி அதை ஆய்வு செய்தார். வீடியோ பார்த்தவர்களிடம் வன்முறைக் குற்றங்கள் 26 சதவீதம் குறைவாக இருந்தன. வெளியே போகவே வழியில்லாதவர்களுக்குத் திரை மரமும் மரம்தான். வெளியே போகக்கூடிய பிள்ளையை அறைக்குள் உட்கார வைத்துக் காட்டைக் காட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வளாகத்தில் எத்தனை மரம் இருக்கிறது, எத்தனை மரத்தடியில் உட்கார இடமிருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். இரண்டு ஹெட்செட் குறைத்து வாங்கினால் வேப்பமரத்தைச் சுற்றி ஒரு திண்ணை கட்டிவிடலாம். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த கணக்கு ஒன்று 2019இல் வந்தது. வாரத்தில் 120 நிமிடம் இயற்கையில் கழித்தவர்கள் உடல்நிலையும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம். ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் அதில் வித்தியாசமில்லை. அதாவது மதிய இடைவேளையில் தினம் 20 நிமிடம் மரத்தடியில் இருந்தால், ஆறு நாளில் கணக்குத் தீர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விஆர் அறைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் பேசுவதற்காக வருகிறவர்கள். 'ஆலோசனை மையத்துக்குப் போகிறேன்' என்று நண்பர்களிடம் சொல்லக் கூச்சப்படுபவர், 'விஆர் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு வருவார். கழற்றிய பிறகு உடனே எழுந்து போகமாட்டார், பட்டையைச் சரிசெய்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். ஆகவே பயிற்சி பெற்ற ஆலோசகர் இல்லாமல் அறையை மட்டும் திறக்க வேண்டாம். அறையின் கதவிலேயே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதல் நாள் எல்லோரும் "சூப்பர் மேம்" என்பார்கள். அது புதுப் பொருளின் மோகம். உலகெங்கும் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை காட்டி, கழற்றிய கையோடு கேட்டவை என்பதையும் மறந்துவிடாதீர்கள். வரும்போது ஒன்று முதல் பத்துக்குள் மனம் எப்படி இருக்கிறது என்று ஓர் எண், போகும்போது ஓர் எண், மறுநாள் காலை போனில் ஓர் எண் வாங்குங்கள். நான்காவது முறை வரும்போது என்ன எண் சொல்கிறார்களோ அதை நம்புங்கள்.

கடைசியாக, எங்களுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கொடுத்தது, காட்சியை வெளியே வாங்காமல் மாணவர்களையே எடுக்க வைத்தது. கடையில் கிடைக்கும் வீடியோக்களில் பைன் மரமும் பனிமலையும்தான். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம். அவர்களுக்கு ஊர் ஞாபகம் என்றால் கண்மாய்க் கரை, கருவேல மரம், தண்ணீரில் குத்திட்டு நிற்கும் நாரை. 360 டிகிரி கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆறு பேரைச் சேர்த்து, விடியற்காலையில் ஒரு கண்மாய்க்குப் போனோம். கேமராவை வைத்துவிட்டால் நாலாபக்கமும் தெரியும் என்பதால் எல்லோரும் கரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். பேசவும் கூடாது, ஒலி பதிவாகிவிடும். இருபது நிமிடம் ஆறு மாணவர்கள் போனைத் தொடாமல், வாய் திறக்காமல், ஈரப் புல்லில் குப்புறப் படுத்திருந்தார்கள். எந்த ஹெட்செட்டுக்கும் அவர்களை அப்படி இருக்க வைக்கும் சக்தி கிடையாது.

அந்த வீடியோதான் இன்று எங்கள் அறையில் அதிகம் கேட்கப்படுவது. படம் கொஞ்சம் மங்கல், நடுவில் ஒரு டிவிஎஸ் 50 சத்தம்கூட வரும். அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க இருக்கு மேம், பஸ் போகுமா?" என்று கேட்டவர்களை மாதம் ஒருமுறை கூட்டிப் போகிறோம். நீங்களும் எடுப்பதானால் மழை முடிந்து கண்மாய் நிறைந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் தொடங்குங்கள். சரணாலயமாக இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மாதிரி ஊர்களில் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை, போகிற பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். காலை ஆறு மணிக்குள் ஸ்டாண்டை ஊன்றிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நீரில் கண் கூசும், பறவைகளும் இரைக்குக் கிளம்பிவிடும்.